பத்தொன்பதாம் பிரிவும் காலிக் குடமும்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. ஏம்பலத்துல பஸ் ஏறணும், யுனிவர்சிட்டிக்குப் போகணும், அரசியல் சாசனப் பரீட்சை எழுதணும். அதைக்கூட உருப்படியா செய்யத் துப்பில்ல எனக்கு.

நான் சட்டம் படிக்கிறேன். கேக்காதவங்ககிட்டயும் வலியப் போய்ச் சொல்லிடுவேன்.

முந்தின வாரம் பக்கத்து வூட்டு செல்வி சித்தி புலம்புனாங்க. "பைப்புல தண்ணியே வரல பாப்பா. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுல போய்க் கேட்டா ஒருத்தனும் மதிக்கல."

விடுவேனா! குழாயடியிலயே கிளாஸ் எடுத்தேன். "பத்தொன்பதாம் பிரிவு சித்தி! ஆயுதம் இல்லாம, அமைதியா, எங்க வேணா கூடலாம். அடிப்படை உரிமை!"

அரைகுறைப் படிப்பு. பாவம், நம்பிட்டாங்க.

பரீட்சை அன்னைக்கு பஸ் ஊரைத் தாண்டல, நின்னுடுச்சு. எட்டிப் பாத்தா ரோட்டுக்குக் குறுக்கே காலிக் குடம். குடத்துக்குப் பின்னாடி எங்க தெரு மொத்தமும். சாலை மறியல்!

இறங்கி ஓடுனேன். "சித்தி, எனக்குப் பரீட்சை! இந்த ஒரு பஸ்ஸை மட்டும் வுடுங்க!"

"இன்னா பாப்பா, நீதான சொன்ன? எங்க கையில ஆயுதம் இருக்கா பாரு, குடம்தான். வா, முன்னாடி ஒக்காரு."

பின்னாலேருந்து கண்டக்டர் கத்துனாரு. "எந்தப் புண்ணியவான்யா இவங்களுக்கு ஐடியா குடுத்தது?"

நான் திரும்பவே இல்ல.

போலீஸ் வந்துச்சு. "யாருமா இங்க தலைவி?"ன்னாரு இன்ஸ்பெக்டர்.

சித்தி பெருமையா என் தோள்ல கை போட்டாங்க. "எங்க வக்கீலு சார் இது! பிரிவெல்லாம் பேசும்!"

"சார், எனக்கு நடமாடுற சுதந்திரம் இருக்கு. அதுவும் அதே பிரிவுலதான்..."

"வேன்ல ஏறிப் பேசுமா."

மறியல் பண்ணா கல்யாண மண்டபம், மத்தியானம் சோறு, சாயங்காலம் விடுதலை. ஊருக்கே தெரிஞ்ச இந்த நடைமுறை என் தடித் தடிப் புஸ்தகத்துல எதுலயும் இல்ல. அங்க கேள்வித்தாள் குடுக்குற நேரத்துல இங்க எனக்கு அப்பளம் குடுத்தாங்க. ராப்பகலா படிச்சதெல்லாம் போச்சேன்னு நிஜமாவே அழுதேன்.

சித்திக்கு போன் வந்துச்சு. "அழாத பாப்பா, பைப்புல தண்ணி வந்துடுச்சாம்! பரீட்சை எங்க போவுது, அடுத்த தபா எழுதிக்கலாம்."

சாயங்காலம் வெளிய வந்தா, மண்டப வாசல்ல பக்கத்து ஊர்க்காரரு ஒருத்தர் காத்துக்கிட்டிருந்தாரு. "எங்க தெருவுல லைட்டே எரியலமா. சட்டம் படிக்கிற பொண்ணு நீதான?"

"இல்லண்ணா. நான் பி.காம்."