குரு பெசார் நாற்காலியில் உட்கார ஆள் இல்லை

அன்பும் மரியாதையும் கலந்து உதுமான் மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் ஈப்போவில் நாங்கள் சுகம். சித்தியவானில் அக்காவும் நீங்களும் சுகமாயிருக்கவும், உங்கள் கடையும் முட்டியும் தடங்கலில்லாமல் நடக்கவும் துஆச் செய்கிறேன். வாட்சப்பில் எழுதினால் கைதவறிக் குடும்பக் குழுவில் போய் விழுந்துவிடும் என்ற பயத்தால் இந்தக் கடிதம். உங்கள் மகள் பதுருன்னிசா விஷயமாக எழுதுகிறேன். பதற வேண்டாம், பிள்ளை எங்கள் வீட்டு மாடியில் நன்றாகத்தான் இருக்கிறாள். நன்றாக இல்லாதது பக்கத்து ஊரான லகாட்டில் அவள் பாடம் சொல்லிக் கொடுக்கும் நம் இஸ்லாமியப் பள்ளிக்கூடமும், அதன் நிர்வாகக் குழுத் தலைவனாகிய நானும்தான்.

நான் எப்படித் தலைவனானேன் என்று உங்களுக்குத் தெரியாது. எங்கள் குழுவில் ஒரு வழக்கம். பதவியைக் கேட்டு வருகிறவருக்குப் பதவி கொடுக்கக் கூடாது, வேண்டாம் என்று ஒதுங்குகிறவரைப் பிடித்துத்தான் உட்கார வைக்க வேண்டும். பேராசைக்காரன் வந்துவிடக் கூடாது என்று பெரியவர்கள் சொன்ன நல்ல வார்த்தை அது. நாங்கள் அதைப் பிடித்த பிடியில்தான் கோளாறு. அன்றைக்கு எல்லோரும் "நமக்குத் தகுதி இல்லைலா" என்று மாறி மாறி ஒதுங்கினோம். என் சாப்பாட்டுக் கடையில் ஆள் குறைவு என்பதால் நான் கொஞ்சம் உரக்க ஒதுங்கிவிட்டேன். மாலை போட்டுவிட்டார்கள்.

போன வருடம் பழைய குரு பெசார் ஓய்வு பெற்றதும், தலைமையாசிரியர் வேலையைத் தற்காலிகமாகப் பதுரு பார்த்தாள். மச்சான், உங்கள் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, பள்ளிக்கூடம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆசிரியர்கள் நேரத்துக்கு வந்தார்கள், பெற்றோர்கள் சண்டை போட வந்து சிரித்துக்கொண்டு போனார்கள். பிறகு வேலையை நிரந்தரமாக்க விளம்பரம் கொடுத்தோம். அவள் ஒருத்திதான் விண்ணப்பம் போட்டாள். குழுவில் எல்லோருக்கும் முகம் சுருங்கிவிட்டது. செயலாளர் அமீருல், "நல்ல புள்ளதான் மாமா, ஆனா கேட்டுட்டாளே" என்றான். "யூசுஃப் நபி ராஜாகிட்ட களஞ்சியப் பொறுப்பக் கேட்டுத்தானே வாங்குனாங்க?" என்று எங்கள் முன்னால் நின்ற அவள் கேட்டாள். "அவங்க நபி, நீ டீச்சர்லா" என்றார் ஹாஜியார் ஒருவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமன் பேசினால் சொந்தக்காரப் பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறான் என்பார்களே என்று நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பம் தள்ளுபடி. இதே நான் என் கடையில், ரொட்டி போடுகிறவன் வந்து "முதலாளி, இனிமே கடைய நான் பாத்துக்கவா?" என்று கேட்டால் கட்டிப்பிடித்துக்கொள்வேன்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. எந்த ஆசிரியரைக் கூப்பிட்டாலும், அவருக்கு ஆசை இருந்தாலும், கேட்டதாக ஆகிவிடுமே என்று "எனக்குத் தகுதி இல்லை" என்கிறார். சரி, வற்புறுத்துவோம் என்றால் யாரை வற்புறுத்துவது என்று குழு இரண்டுபட்டுவிடுகிறது. காலைக் கூட்டத்தில் "நீங்க பேசுங்க", "இல்ல, நீங்க பேசுங்க" என்று ஆசிரியர்கள் பணிவு காட்டி முடிப்பதற்குள் பிள்ளைகள் வெயிலில் வாடிவிடுகிறார்கள். போன வாரம் பார்வையிட வந்த அதிகாரி "குரு பெசார் யார்?" என்று கேட்டதற்கு ஆளுக்கு ஆள் பக்கத்து ஆளைக் காட்டியிருக்கிறார்கள். பிறகு மரியாதைக்கு அவரையே அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு டீ வாங்கப் போயிருக்கிறார்கள். அந்நேரம் பார்த்து ஒரு தாயார் உள்ளே போய், கழிப்பறைக் குழாய் உடைந்து கிடப்பதற்கு அவரைப் பிடிபிடியென்று பிடித்திருக்கிறார். பாவம், அவரே ஃபோன் போட்டுக் குழாய்க்காரரை வரவழைத்திருக்கிறார். "புது குரு பெசார் தங்கம்" என்று அந்த அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் ஒரு தலைமையாசிரியர் இல்லையென்றால் பள்ளிக்கூடத்தை நடத்த விடமாட்டேன் என்று அந்த அதிகாரி சொல்லிப் போயிருக்கிறார்.

எனக்குத் தூக்கமே இல்லை மச்சான். பதுரு இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் மூடிப்போகும். மாடிப்படியில் என்னைப் பார்த்தால் சலாம் சொல்கிறாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆகவே தகப்பனார் என்ற முறையில் நீங்கள்தான் அவளிடம் பேச வேண்டும். விண்ணப்பத்தை மறந்துவிட்டு, குழுவின் முன்னால் தலையைக் குனிந்து, "எனக்கு இந்த வேலை வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஒரேமனதாக அவளை உட்கார வைத்துவிடுவோம். அக்காவுக்கு என் சலாம். உங்கள் வீட்டு அடுப்பும் மனமும் என்றைக்கும் பரக்கத்தாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள,
நாகூர் மீரான்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியது எதையும் பதுருவிடம் சொல்ல வேண்டாம். கடிதத்தை உறையில் போடப்போன நேரம் அவளே மாடியிலிருந்து இறங்கி வந்து, "மாமா, குரு பெசார் வேலை எனக்கு வேணாம்" என்றாள். தலைகூடக் குனிந்துதான் இருந்தது. சொல்லிக் கொடுக்காமலே பிள்ளைக்குப் புரிந்துவிட்டதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழுவைக் கடைக்கே வரவழைத்தேன். எங்கள் சரித்திரத்திலேயே முதல் தடவையாக, டீ வருவதற்குள் முடிவாகிவிட்டது. அவளைக் கூப்பிட்டு முபாரக் சொன்னோம். "வேணாம்னா வேணாந்தான் மாமா. சிலிம் ரிவர்ல ஒரு ஸ்கூல்ல குரு பெசாரா சேந்துட்டேன்" என்றாள். அங்கேயும் முதலில் வேண்டாம் என்றாயா அம்மா என்று கேட்டேன். "இல்ல மாமா. இந்த வேல உனக்கு வேணுமான்னு கேட்டாங்க. வேணும்னு சொன்னேன். குடுத்துட்டாங்க."

அவள் போன பிறகு, குரு பெசார் நாற்காலிக்கு ஆள் தேடிக் குழு மொத்தமும் என் பக்கம் திரும்பியது. எனக்குக் கடை நடத்த மட்டும்தான் தெரியும், பள்ளிக்கூடம் நடத்த ஒன்றும் தெரியாது என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன். "பாத்தீங்களா, என்னா பணிவு!" என்று சொல்லி அமீருல் துஆ ஓத ஆரம்பித்துவிட்டான். இந்தத் தடவை நான் உண்மையைத்தான் சொன்னேன் மச்சான்.