வெயிலு அண்ணன் பார்க்காத நோட்டு

பெரம்பலூரில் சூரியனிடம் அதிகம் வேலை வாங்கிய மனிதர் என்றால் அது வெயிலு அண்ணன்தான். நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த எழுபதுகளில் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருடைய நிஜப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. யார் ரூபாய் நோட்டு கொடுத்தாலும் நடுரோட்டில் போய் நின்று சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். உள்ளே சிங்கத் தலை தெரிந்தால்தான் பைக்குள் போகும். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்து, என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

பொழுது சாய்ந்தால் நோட்டு வாங்க மாட்டார். "காலையில வெயிலோட வாங்க சார்" என்பார். ஒரு ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. நான்கு நாளும் ஊரே ஓசியில் சைக்கிள் மிதித்தது. ஒருமுறை கல்யாணப் பத்திரிகையைக்கூடத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பொண்ணு வூட்டுக்காரங்க நல்லவங்கதான்" என்றார்.

ஒரே ஒருவர் கொடுக்கும் நோட்டை மட்டும் அவர் பார்த்ததில்லை. அவருடைய தம்பி. அண்ணன் தூக்கி வளர்த்த பிள்ளை, அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவான். ஒரு ஞாயிறு நானும் கடையில் இருந்தேன். அண்ணனிடம் வாங்கிய கடனுக்கென்று தம்பி நூறு ரூபாய்த் தாளை நீட்டினான். ஓரத்தில் பீடி நெருப்பு பட்ட ஓட்டை. "நோட்டையும் சேத்துக் குடிக்கிறியாடா?" என்று சிரித்தபடி பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அதை, நாங்கள் சாப்பிடும் மெஸ்ஸை நடத்திய அக்காவுக்குச் சாப்பாட்டுப் பாக்கிக்காகக் கொடுத்தார். அக்கா அதைக் கொடுத்து அரிசி மண்டிக் கடனை அடைத்தார். ஆபீஸ் முடிந்து மாலை வேளைகளில் அந்த மண்டியில் கணக்கு எழுதிவந்த எனக்கு மண்டிக்காரர் நூறு ரூபாய் பாக்கி வைத்திருந்தார். தாள் என்னிடம் வந்தது. நானோ வெயிலு அண்ணனிடம் பழைய சைக்கிள் ஒன்றைக் கடனுக்கு வாங்கியிருந்தேன். புதன்கிழமை உச்சிவெயிலில் அவர் கையிலேயே கொடுத்தேன்.

வழக்கம்போல ரோட்டுக்குப் போய்த் தூக்கிப் பிடித்தார். இறக்கவே இல்லை. அப்போதுதான் எனக்கும் அந்த ஓட்டை கண்ணில் பட்டது. அதன் வழியே வெயில் அவர் கன்னத்தில் ஒரு பொட்டாக விழுந்திருந்தது. சிங்கத்தைக் காணோம்.

மெஸ்ஸில் பஞ்சாயத்து கூடியது. "உங்க சாப்பாட்டுப் பாக்கி தீந்துச்சு, என் அரிசிக் கடன் தீந்துச்சு, சாருக்கு மண்டியில வரவேண்டியது வந்துருச்சு, சாரோட சைக்கிள் கடனும் தீந்துச்சு. யாருக்கு என்ன நட்டம்? கிழிச்சு அடுப்புல போடுங்கண்ணே!" என்றார் அக்கா. கள்ள நோட்டு ஊருக்குப் புண்ணியம் செய்துவிட்டதாக எல்லோரும் சிரித்தோம்.

"நாலு கடன் தீந்துச்சுக்கா. எந்தம்பி கடன்?" என்றார் வெயிலு அண்ணன்.

சிரிப்பு நின்றது.

"அவனும் ஏமாந்து வாங்கியிருப்பாண்ணே. வந்தா கேட்டுருங்க" என்றேன்.

"கேட்டு, தெரிஞ்சுதான் குடுத்தேன்னு சொல்லிட்டான்னா?"

எனக்குத் தாங்கவில்லை. வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். "அண்ணே, இது மண்டியில குடுத்த தாள் இல்ல. வேற எடத்துல நான் ஏமாந்தது. இந்த ஓட்டை என் பீடி பட்டது."

"நீங்க எப்ப சார் பீடி குடிச்சீங்க?"

"இன்னைக்கித்தாண்ணே."

அந்த ஞாயிறு தம்பி வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. அரியலூர் பஸ் வரும்போதெல்லாம் அண்ணன் செயின் மாட்டுகிற சாக்கில் ரோட்டைப் பார்ப்பார். ஆள் அனுப்பவில்லை, தானும் போகவில்லை.

சம்பளம் வாங்கியதும் நல்ல நூறு ரூபாய்த் தாளோடு போனேன். "நான் ஏமாந்ததுக்கு நீங்க ஏன் நட்டப்படணும்? வாங்கிக்கங்கண்ணே."

கொளுத்துகிற வெயில். அவர் ரோட்டுக்குப் போக வழிவிட்டு ஒதுங்கினேன். அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"பாருங்கண்ணே."

"வேணாம் சார்."

அதற்குப் பிறகு நான் அந்த ஊரில் இருந்த ஆறு வருஷமும், என் நோட்டு ஒன்றைக்கூட அவர் வெயிலில் பார்க்கவில்லை.