பாலக்கரை தைரியராஜின் நாலாவது எண்ணெய்

வண்டி கத்தியது. தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்படி கத்தியது. ஆனால் ஓர் அடிகூட நகரவில்லை.

"ஏங்க, கியர் போடலையா?" சோற்றுத் தூக்கோடு பட்டறை வாசலில் நின்றபடி அக்னஸ் கேட்டாள்.

"போட்டாச்சு."

"அப்ப ஏன் நிக்குது?"

"கிளட்ச் வழுக்குது. நீ வாயை மூடு."

"நான் மூடினா அது ஓடுமா?"

ஓடாது. அது தைரியராஜுக்கும் தெரியும். அன்று வெள்ளிக்கிழமை, ஞாயிறன்று சமயபுரம் தாண்டி ஒரு தனியார் மைதானத்தில் டிராக் ரேஸ். நேர்க்கோட்டில் கால் மைல், இரண்டு பைக், அவ்வளவுதான். எதிரே வருவது அக்னஸின் சொந்தத் தம்பி ஜெபராஜ். அவனுக்கு எடமலைப்பட்டி புதூரில் பட்டறை. இரண்டு பட்டறை வாசலிலும் 'ரேஸ் எஞ்சின் டாக்டர்' என்று ஒரே மாதிரி போர்டு. ஓர் ஊருக்கு இரண்டு டாக்டர் எதற்கு என்று கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு நடுவில் பேச்சு முற்றி, தோற்றவன் தன் போர்டைத் தன் கையாலேயே கழற்றுவது என்று முடிவாகியிருந்தது.

எஞ்சின் தயார். ஆயில்தான் தகராறு.

திங்களன்று தைரியராஜ் கெட்டியான ஆயிலை ஊற்றினான். கல்யாணப் பந்தியில் மூன்று பாயசம் குடித்த சம்பந்தி மாதிரி எஞ்சின் எழுந்திருக்கவே மறுத்தது. ரேஸுக்கு ஆயில் தண்ணி மாதிரி இருக்க வேண்டும் என்று செல்போனில் எவனோ சொன்னான். மெல்லிசாக ஒன்று வாங்கினான். அது கார் ஆயில். பைக்கில் கிளட்சும் எஞ்சினோடு அதே எண்ணெயில்தான் குளிக்கிறது, கார் ஆயில் பட்டால் வழுக்கும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன் தைரியராஜ். டப்பாவின் மேல் சிவப்புக் கார் ஒன்று பறந்துகொண்டிருந்ததில், பாடம் வாத்தியாருக்கே மறந்துவிட்டது.

பக்கத்து டயர்க் கடை அழகர்சாமி எட்டிப் பார்த்தார்.

"அந்தக் காலத்து ரேஸ்காரனெல்லாம் விளக்கெண்ணெய்தான் ஊத்துவான், தெரியுமா?"

"நெசமாவா?"

"பின்ன? பொய் சொல்லி எனக்கென்ன, டயரா விக்கப் போகுது?"

சனிக்கிழமை காலை கிளட்ச் தட்டுகளைக் கழுவி மாட்டி, விளக்கெண்ணெயை ஊற்றிக் கிளப்பினான். வெள்ளைப் புகை தெருவை நிறைத்தது. எதிர் ஓட்டலிலிருந்து நஜீமா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"யோவ், பேதி மருந்து வாசனையில எவனுக்குய்யா பரோட்டா இறங்கும்? ரெண்டு பேரு பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்க!"

"ஒரே நாள் பொறுத்துக்கம்மா."

"ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டேன். அணைக்கிறியா, சால்னாவை ஊத்தவா?"

அதை மட்டும்தான் இன்னும் ஊற்றிப் பார்க்கவில்லை. அணைத்தான்.

கடைசியில், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தான். நல்ல பைக் ஆயிலாக வாங்கி ஒரு வெள்ளைக் கேனில் ஊற்றினான். ஆனால் மூன்று தடவை சூடு பட்டவனுக்கு நாலாவதில் நம்பிக்கை வரவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனான்.

"என்னப்பா இது?" என்றார் பங்குச் சாமியார்.

"எண்ணெய், ஃபாதர். மந்திரிச்சுக் குடுக்கணும்."

"வீட்ல யாருக்கு முடியல?"

"எஞ்சினுக்கு, ஃபாதர்."

அவர் கேனைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். பூசைக்கு மணி அடித்துவிட்டதால் அவசரமாகச் சிலுவை போட்டு அனுப்பினார். தைரியராஜ் கேனை வீட்டுக் கூடத்தில் அந்தோணியார் படத்தின் கீழ் வைத்துவிட்டு, எஞ்சினில் இருந்த விளக்கெண்ணெயைச் சொட்டு விடாமல் வடிக்கப் பட்டறைக்கு ஓடினான்.

ஞாயிறன்று வண்டியைக் 'குட்டியானை' மினி லாரியில் ஏற்றி மைதானத்தில் இறக்கினார்கள். தைரியராஜ் மண்டியிட்டு, கண்ணை இறுக மூடி, முணுமுணுத்தபடியே கேனை எஞ்சினில் கவிழ்த்தான்.

"மாமா, ஆயில் ஊத்துறீங்களா, ஞானஸ்நானம் குடுக்குறீங்களா?" என்றான் ஜெபராஜ்.

"நீ உன் போர்டுல எத்தனை ஸ்க்ரூன்னு எண்ணி வச்சுக்க மாப்ள."

பச்சை விளக்கு எரிந்தது. வண்டி கத்தவில்லை, வழுக்கவில்லை. வெண்ணெயில் கத்தி போனாற்போல் போனது. "யாருடா இங்க பஜ்ஜி போடுறது?" என்று கூட்டத்தில் ஒருவன் மூக்கை உறிஞ்சுவதற்குள் கால் மைல் முடிந்துவிட்டது. தைரியராஜ் ஒரு வண்டி நீளத்தில் ஜெயித்திருந்தான்.

ஜெபராஜ் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான். கண் கலங்கியிருந்தது.

"போர்டை நாளைக்கே கழட்டிடறேன் மாமா. என்ன ஆயில்னு மட்டும் சொல்லுங்க."

யாரோ மைக்கை நீட்டினார்கள்.

"ஆயில் எவன் வேணா வாங்கலாம்," என்றான் தைரியராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு. "இந்த எஞ்சினுக்கு இதுதான்னு தேர்ந்தெடுக்கறதுக்கு ஒரு அறிவு வேணும். அது பதினெட்டு வருஷ அனுபவம். அதையெல்லாம் சொல்லிக் குடுக்க முடியாது."

கைதட்டலுக்கு நடுவே, அக்னஸோடு வேனில் வந்திருந்த பக்கத்து வீட்டு வீரம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் வந்தாள்.

"தம்பி, உங்க வீட்டுல அந்தோணியார் படத்துக்கிட்ட இருந்த மந்திரிச்ச எண்ணெயை நேத்து நாங்க தெருவே முட்டிக்குத் தேய்ச்சுத் தீர்த்துட்டோம், வலி போன எடம் தெரியல, வெறும் கேனைத் திருப்பி வைக்கக் கூடாதுன்னு வடை சுட்ட கடலெண்ணெயை ரொப்பி வச்சிருக்கேன், மந்திரிச்சதுன்னு நெனச்சு யாருக்கும் தேய்ச்சுடாதீங்க!"