கடைசிக் கொழுக்கட்டையை அளந்த கதை

ரிங்வுட், மெல்பர்ன்
ஞாயிறு காலை

அன்பும் அதைவிடப் பொறுமையும் மிகுந்த பெரில் அக்காவுக்கு,

தம்பி மெர்வின் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஷெர்லியும், என் இடது முழங்கால் நீங்கலாக, நலம். அங்கே பண்டபெர்க்கில் நீயும் அத்தானும் உன் கோழிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. புல்தரையில் பந்து உருட்டி ஆடும் எங்கள் பவுல்ஸ் சங்கத்துக் கிளைவ் அடுத்த வாரம் உங்கள் ஊருக்கே குடிவருகிறான். மனைவி இறந்தபிறகு தனியாகக் கிடக்க வேண்டாம் என்று மகள் கூப்பிட்டுவிட்டாள். வந்ததும் உங்கள் ஊர்ச் சங்கத்தில் சேர்ந்து, 'ரிங்வுட்டில் என்னை ஜெயிக்க ஆளே கிடையாது' என்று அளப்பான். நேற்றுவரை அது உண்மைதான். இருபது வருஷமாக அவனிடம் நான் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அவன் உருட்டும் பந்து குறியாக வைத்த வெள்ளைக் குட்டிப் பந்துக்குப் பக்கத்தில் போய்ப் பூனைபோலப் படுத்துக்கொள்ளும். நான் உருட்டுவது ஓரத்துப் பள்ளத்தில் விழும். புல்தரை சரியில்லை என்பேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவான். இனி அந்தப் பேச்சுக்கு இடமில்லை. நேற்று மாலை உன் தம்பி அவனை ஜெயித்துவிட்டான்! அவன் வந்து வாயைத் திறப்பதற்குள் நீ ஊர் முழுக்கச் சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நடந்தது இதுதான். கிளைவுக்கு வழியனுப்பு விருந்து, வழக்கம்போல திருமதி குவோக்கின் சீனச் சாப்பாட்டுக் கடையில், நடுவில் பதார்த்தங்களோடு பலகை சுழலும் பெரிய வட்ட மேசையில். ஷெர்லியும் வந்திருந்தாள். உருளும் பந்தை அது நிற்கும்வரை யாரும் தொடக் கூடாது என்பது எங்கள் ஆட்டத்தில் வேதவாக்கு என்று உனக்குத் தெரியும். அது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போனதால், பலகை சுழலும்போதும் எங்கள் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நிற்கப் போகும் நேரத்தில் பசி தாங்காத எவனாவது மறுபடி சுற்றிவிடுவான். எலுமிச்சைக் கோழி என்னை எத்தனையோ முறை கடந்து போனது, ஒரு துண்டு வாயில் விழவில்லை. திருமதி குவோக் வந்து பார்த்துவிட்டு, "என்னய்யா, சாப்பிட வந்தீங்களா, தேர் பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டாள். கடைசியில் எல்லாம் காலியாகி மூங்கில் கூடையில் ஒரே ஒரு இறால் கொழுக்கட்டை மிஞ்சியது. நீ எடு, நீ எடு என்று எல்லாரும் உபசாரம் பண்ணிக்கொண்டிருக்க, நானும் பக்கத்து நாற்காலிக் கிளைவும் ஒரே நேரத்தில் முள்கரண்டியை நீட்டிவிட்டோம்.

"கையை எடுடா, எனக்குத்தானே விருந்து?" என்றான் கிளைவ்.

"விருந்து உனக்கு, கொழுக்கட்டை எனக்கு. தைரியம் இருந்தா சுத்திப் பார்ப்போம். யார் தட்டுக்குப் பக்கத்துல நிக்குதோ அவனுக்கு!"

"அட ராமா, இன்னொண்ணு வேக வெச்சுத் தர்றேன்யா," என்றாள் திருமதி குவோக்.

"வேண்டாம்!" என்றோம் இருவரும்.

"நல்லாயிருக்கு! என் புருஷன் உள்ளே வாத்து வறுக்கிறாரு, நான் இங்கே கொழுக்கட்டைக்கு நாட்டாமை பண்றேன்," என்று முனகிக்கொண்டே கூடையைப் பலகை ஓரமாக வைத்துச் சுற்றிவிட்டாள். சுற்றிச் சுற்றி வந்து வேகம் குறைந்து கிளைவின் தட்டுக்கு நேராக ஊர்ந்தது. இந்த வாய்ப்பும் போனால் இந்த ஜென்மத்தில் இல்லை, அவன் போய்விடுவான். அப்போதுதான், அக்கா, கொழுக்கட்டை இன்னும் கொஞ்சம் நகர்ந்து எங்கள் இருவர் தட்டுக்கும் நடுவில் வந்து நின்றது! உடனே மேசையைச் சுற்றி எல்லார் பையிலிருந்தும் அளவு நாடா வெளியே வந்தது. எவன் பந்து குறிக்குப் பக்கம் என்று அளந்தே பழகிய எங்கள் ஆட்கள் நாடா இல்லாமல் கல்யாணத்துக்குக்கூடப் போக மாட்டார்கள். திருமதி குவோக் அளந்தாள். நகக்கண் அளவு வித்தியாசத்தில் நான்!

"அநியாயம்! திரும்ப அளங்க!" என்று கிளைவ் குதித்தான். திரும்ப அளந்தார்கள். மறுபடியும் நான். அவன் எழுந்து என் கையைப் பிடித்து, "நல்லா ஆடினேடா மெர்வ்," என்றான். இருபது வருஷமாக நான் அவனுக்குச் சொன்ன வார்த்தை அது. கொழுக்கட்டை சில்லென்று ஆறிப்போயிருந்தது. அதைப்போல ருசியாக நான் எதுவும் தின்றதில்லை. நெஞ்சு கொள்ளாத பெருமை அக்கா, கார் ஓட்டும்போதுகூடச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, கோழிகளுக்கு விசாரிப்பு.

உன் வெற்றி வீரத் தம்பி,
மெர்வின்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் ஷெர்லி இதை வாங்கிப் படித்தாள். "ஏங்க, எல்லாரும் கொழுக்கட்டையைப் பார்த்தீங்க, நான் கிளைவைப் பார்த்தேன். சுண்டு விரலால பலகையை உங்க பக்கமா மெல்லத் தள்ளிவிட்டாரு. நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சதும் கண்ணைச் சிமிட்டினாரு," என்கிறாள். ஓடும் பொருளை அவன் தொட்டு நான் பார்த்ததே இல்லை. நகக்கண் அளவு சரியாகத் தள்ளவும் அவனால்தான் முடியும். இனி சனிக்கிழமைகளில் யாரிடம் தோற்பேன்? ஆகவே மேலே எழுதியதை ஊரில் யாரிடமும் சொல்லாதே. ரிங்வுட்டில் அவனை ஜெயிக்க ஆளில்லை என்றே சொல். அங்கே மகளைத் தவிர அவனுக்கு யாரையும் தெரியாது, அடிக்கடி சாப்பிடக் கூப்பிடு. மேசையில் கடைசியாக எது மிஞ்சினாலும், அளக்காமல் அவனுக்கே கொடுத்துவிடு.