அரைக்காது முயல் தனி இனமான கதை

ஒரு காட்டில், அதுவும் மிருகங்களைவிட ஆபீசுகள் பெருத்துப்போன ஒரு காட்டில், துள்ளாண்டி என்றொரு முயல் வாழ்ந்து வந்தான். அவனுடைய இடது காதில் பாதியை நரி கடித்துத் தின்றிருந்தது. மீதிக்கு எப்போது வரலாம் என்று தினமும் புதரோரம் வந்து மரியாதையாக விசாரித்துவிட்டுப் போகும். துள்ளாண்டிக்குத் தூக்கமே போய்விட்டது.

அந்தச் சமயத்தில் ஆபீஸ் வாசலில் ஒரு போர்டு வைத்தார்கள். அருகிவரும் இனத்துக்கு முள்வேலி போட்ட வீடும் வேளாவேளைக்குக் கேரட்டும் உண்டு, அந்த இனத்தை யாரும் தின்னக்கூடாது என்று எழுதியிருந்தது. முயல்களோ காடு கொள்ளாமல் பெருகிக் கிடந்தன. 'நான் முயலாக இருந்தால்தானே வம்பு?' என்று யோசித்த துள்ளாண்டி, வரிசையில் போய் நின்றான்.

இனம் பிரிக்க அங்கே மூன்று பண்டிதர்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு அளவுகோல். ஒருவருக்கொருவர் ஆகவே ஆகாது.

"உருவம் வேறானால் இனம் வேறு," என்றது ஆந்தை. "அரைக்காதோடு ஒரு முயலை நான் கண்டதில்லை. தனி இனம்தான்."

ஆமை தலையை நீட்டியது. "உருவத்தில் என்ன இருக்கிறது? எங்கே இருந்துகொண்டு எதைத் தின்று பிழைக்கிறாய், அதைச் சொல்."

"டீக்கடைக்குப் பின்னால, ஊசிப்போன பஜ்ஜி தின்னு பொழைக்கிறேனுங்க."

"பஜ்ஜி தின்னும் முயலா? தனி இனமேதான்!"

கொக்கு மட்டும் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு இழுத்தது. "இரண்டு பேர் கூடிப் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையும் பிள்ளை பெற்றால் இருவரும் ஒரே இனம். முயல்களோடு உனக்கு அப்படி ஏதாவது உண்டா?"

துள்ளாண்டியின் மனைவி வெள்ளாத்தாள், பேரன் பேத்திகளோடு பின்னால்தான் நின்றிருந்தாள். அவன் திரும்பியே பார்க்கவில்லை. "அந்தம்மா யாருன்னே தெரியாதுங்க. நான் தன்னந்தனி ஆளு," என்றான். வெள்ளாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வேலி வந்தது, கேரட் வந்தது. வெளியே நின்று எச்சில் விழுங்கும் நரிக்கு எதிரிலேயே துள்ளாண்டி காலை நீட்டிப் படுத்துக் கேரட் கடித்தான். வாழ்க்கையில் முதல்முறையாகக் குறட்டை விட்டான்.

கொஞ்ச நாளில் பண்டிதர்கள் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு வந்தார்கள்.

"புது இனம் என்றால் மாதிரிக்கு ஒன்றை வைக்கோல் திணித்துப் பாடம் செய்து மியூசியத்தில் வைக்க வேண்டும். அதுதான் முறை," என்றது ஆந்தை.

"தாராளமா வெச்சுக்குங்க," என்றான் துள்ளாண்டி, வாய் நிறையக் கேரட்டோடு.

"உன் இனத்தில் மொத்தம் எத்தனை பேர்?"

மெல்லுவது நின்றது.

"ஐயோ, நான் சாதா முயலுங்க! என் பொண்டாட்டியக் கேளுங்க!" என்று அலறினான். கொக்கு நியாயமான கொக்கு. உடனே ஆளனுப்பி வெள்ளாத்தாளை வரவழைத்து, "இவன் உன் புருஷனா?" என்று கேட்டது.

அவள் அரைக்காதைப் பார்த்தாள். கேரட்டில் உப்பியிருந்த கன்னத்தையும் பார்த்தாள்.

"எங்க இனத்துல இப்படி ஒரு ஆளைப் பார்த்ததே இல்லீங்களே," என்றாள்.

பாடம் செய்யத் தோல் மட்டும் போதுமாம். மீதியை நரி கையெழுத்துப் போட்டு முறைப்படி வாங்கிக்கொண்டது.

நீதி: தனி இனமாகப் பிரிந்து போகிறவர்கள் மனைவியையும் கூடவே அழைத்துப் போக வேண்டும். மாதிரிக்கு ஓர் ஆள் தேவைப்படும்.