பெரியாயி வேண்டாமென்று விட்ட உணவுகள்

ஊவா மாகாணத்தில் புற்றுநோயுடன் வாழும் மக்கள் இனிமேல் ஆரோக்கியமான உணவையே தெரிவுசெய்து உண்ண வேண்டும் என்று ஒரு சுற்றுநிருபம் வந்தது. அதுவரை அவர்கள் கிடைத்ததை உண்டு வந்தார்கள் என்பது ஆய்வொன்றில் தெரியவந்ததாம்.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருப்பான எட்டு அறை லயத்தின் ஐந்தாம் காம்பராவில் இருந்த பெரியாயிக்கு இந்தச் சுற்றுநிருபம் பற்றி ஒன்றும் தெரியாது. வயது ஐம்பத்துநாலு. முப்பத்தைந்து வருசம் கொழுந்து பறித்தவள். மார்பில் இருந்த கட்டியைப் பதுளையில் வெட்டி எடுத்துவிட்டு, இப்போது மூன்று கிழமைக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள். தலைமுடி போனதில் அவளுக்குப் பெரிய கவலையில்லை. கொழுந்து மலைக்கு வேலைக்குப் போகும்போது எப்படியும் தலையைத் துணியால் மூடித்தான் பழக்கம். வாயில் ருசி போனதுதான் கவலை. எதைத் தின்றாலும் தகரத்தை நக்கின மாதிரி இருந்தது.

கிளினிக்கில் டாக்டர் நிவேதிகா அவளைத் தராசில் ஏற்றிப் பார்த்தார். நாற்பத்தொரு கிலோ.

"அம்மா, இனிக் குறையக் கூடாது. நாற்பதுக்குக் கீழ போனால் அடுத்த மருந்தை நான் தள்ளித்தான் வைப்பன். உங்கட உடம்பு தாங்காது."

"என்னத்தங்க திங்கிறது?"

"சோறு, பருப்பு, முட்டை, மீன், கீரை. எல்லாத்தையும் நல்லா அவிச்சுச் சாப்பிடுங்கோ. ஒரேயடியாச் சாப்பிட ஏலாட்டிக் கொஞ்சம் கொஞ்சமா ஆறு தரம் சாப்பிடுங்கோ."

இந்த ஆலோசனை எல்லோருக்கும் விளங்கும்படி இருந்தது. அதனாலேயே லயத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அன்று பின்னேரமே பக்கத்துக் காம்பரா சுபாஜினி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"முட்டையா? ஐயோ அத்தை! இந்த வீடியோவுல ஒரு ஆளு தெளிவா சொல்றாரு. முட்டை அந்தக் கட்டிக்குத்தான் தீனியாம்."

"அப்ப எனக்குத் தீனி?"

"நீங்க தின்னா அதுவும் திங்கும். நீங்க திங்காட்டி அது பட்டினி கெடந்து செத்துரும்."

பெரியாயி யோசித்தாள். "அதுக்கு முந்தி நான் செத்துட்டா?"

"அதப் பத்தி வீடியோல ஒண்ணும் சொல்லலையே."

சுபாஜினிக்கு அத்தை மேல் உண்மையான பாசம். மற்றவர்களுக்கும் அப்படித்தான். ஆகவே ஒன்றாம் காம்பரா மீனை நிறுத்தச் சொன்னது. இரண்டாம் காம்பரா சீனியை நிறுத்தச் சொன்னது. மூன்றாவது பருப்பையும் எட்டாவது வெள்ளைச் சோற்றையும் விலக்கின. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோது வெந்நீர் மிஞ்சியது. அதையும் ஆறவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று ஏழாம் காம்பரா அபிப்பிராயப்பட்டது.

பெரியாயியின் புருசன் இராமையா தோட்டத்துக் காவல் பார்க்கும் வாச்சர். வாங்கிப்போட வசதியும் குறைவு, விலக்கச் சொல்லும் ஆட்களும் அதிகம் என்றானதும் அவர் டவுனுக்குப் போய் விசாரித்தார். நோயாளிகளுக்குப் போசாக்குப் பொதி ஒன்று உண்டாம். முப்பது முட்டை, பருப்பு, டின்மீன், பால்மா. ஒரேயொரு படிவம் நிரப்பினால் போதுமாம்.

படிவத்தோடு தனேஸ்வரன் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆரோக்கிய உணவுத் தெரிவு இணைப்பு உத்தியோகத்தர். ஒல்லியான ஆள், நல்ல மனுசன். படிவத்தைத் தேவாரப் புத்தகம்போல மரியாதையாகப் பிடித்திருந்தார்.

"பதினாலு நாள் உணவுப் பதிவு வேணும் அம்மா. அது சரியெண்டால் பொதி வரும். நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ரொட்டியும் சம்பலும்ங்க."

"எதை வேண்டாமெண்டு விட்டனீங்கள்?"

"ஒண்ணையும் விடலைங்க. அது மட்டுந்தான் இருந்துச்சு."

தனேஸ்வரன் பேனாவை மூடினார். "அப்ப அது தெரிவு இல்லை. முன்னால மூண்டு உணவு இருக்கவேணும். ரெண்டை நிராகரிச்சு ஒண்டை எடுத்தால்தான் தெரிவு."

இராமையா குறுக்கிட்டார். "ஐயா, வீட்ல மூணு வகை சாப்பாடு இருந்தா நாங்க எதுக்குங்க ஒங்க ஆபிசுக்கு வர்றோம்?"

"அது நல்ல கேள்வி. அதுக்குப் படிவத்தில இடமில்லை."

லயத்து ஆட்கள் இளகிய மனசுக்காரர்கள். பெரியாயி சாப்பிடுவதற்கு ஒன்றும் கொண்டுவராதவர்கள், அவள் நிராகரிப்பதற்கென்று கேட்டதும் ஆளுக்கொரு சட்டியோடு வந்தார்கள். சுபாஜினி கோழிக்கறி வைத்தாள். ஆறாம் காம்பரா மீன்குழம்பும் சோறும் கொடுத்தது. ஆரோக்கியமான உணவு எது என்று படிவத்திலேயே அச்சடித்திருந்தது: ஓட்ஸ். உப்பில்லாமல், தண்ணீரில். அதற்கொரு மாதிரிப் பைக்கற்றை அலுவலகமே தந்தது.

மத்தியானம் பன்னிரண்டரைக்குத் தனேஸ்வரனின் மோட்டார் சைக்கிள் வரும். பெரியாயி பாயில் உட்கார்ந்து மீன்குழம்பைப் பார்ப்பாள். "வேணாங்க" என்பாள். கோழிக்கறியைப் பார்ப்பாள். அதையும் "வேணாங்க" என்பாள். அவர் இரண்டையும் நிராகரித்த உணவு என்ற நிரலில் எழுதுவார். பிறகு அவள் ஓட்ஸை நாலு கரண்டி விழுங்கிவிட்டு, வெளியே ஓடிப்போய் வாந்தியெடுப்பாள். வாந்திக்குப் படிவத்தில் நிரல் இல்லை.

நிராகரித்த சாப்பாட்டை நோயாளி தொடக்கூடாது. வீசவும் கூடாது, உணவு விரயத்தைத் தடுப்பது பற்றி வேறொரு சுற்றுநிருபம் இருந்தது. இரண்டு சுற்றுநிருபங்களுக்கும் நடுவில் அகப்பட்ட தனேஸ்வரன், மனமில்லாமல் அந்தச் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டார். முதல் நாள் கொஞ்சமாகத்தான். நாலாம் நாள் சுபாஜினியிடம், "தங்கச்சி, கறிக்கு மிளகு கொஞ்சம் கூடப் போட்டால் என்ன?" என்று கேட்டார். அவர் பொறுப்பில் ஏழு நோயாளிகள். ஏழு வீட்டிலும் தெரிவு நடந்தது. பத்தாம் நாள் அவருடைய பெல்ட்டுக்குப் புது ஓட்டை தேவைப்பட்டது.

பதினோராம் நாள் காலையில் இராமையாவுக்கு மனசு கேட்கவில்லை. பெண்சாதியைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போய், தூள் மூட்டை நிறுக்கும் தராசில் நிற்க வைத்தார். நாற்பதே கால் கிலோ. கணக்கப்பிள்ளை பழக்கத்தில் சாக்குக்கென்று அரைக்கிலோ கழித்து, "முப்பத்தொம்பதே முக்கா!" என்று கத்தினார். அப்புறம் சாக்கு இல்லையென்று கண்டு திருத்தினார். ஆனால் அந்த எண் பெரியாயியின் காதில் விழுந்துவிட்டது. லயத்து வாசலுக்கு வந்ததும், "ஏங்க, நான் கட்டியில சாகல, இந்தக் கஞ்சியிலதான் சாகப்போறேன்" என்றாள்.

மத்தியானம் தனேஸ்வரன் வந்து பேனாவைத் திறந்தார்.

"ஓட்ஸ் வேணாங்க" என்றாள் பெரியாயி.

"என்ன?"

"ஓட்ஸ் வேணாம்னு எழுதுங்க. கோழிக்கறியும் இன்னைக்கு வேணாம், உறைக்கும். மீனும் சோறும் வேணும். மூணு இருக்கு. ரெண்ட வேணாம்னுட்டேன். தெரிவுதானே?"

தனேஸ்வரன் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "அம்மா, ஓட்ஸ்தான் ஆரோக்கியம் எண்டு அச்சடிச்சிருக்கு. உடல் எடையைக் குறைக்கும் எண்டு கீழ விளக்கமும் இருக்கு."

"எடைய குறைக்கவா?" பெரியாயி கையை நீட்டினாள். வளையல் முழங்கை வரை போய் நின்றது. "இதுல எங்க குறைக்கிறதுங்க ஐயா? நீங்களே சொல்லுங்க."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பதினொரு நாளாக அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர், அன்றுதான் அவளைப் பார்த்தார். அவருடைய காது சிவந்தது. பிறகு மீன்குழம்புச் சட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் மெதுவாகச் சாப்பிட்டாள். முள்ளைத் தானே எடுத்து, சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிசைந்து சாப்பிட்டாள். தகர ருசிதான், ஆனால் இறங்கியது. தனேஸ்வரன், சுற்றுநிருபத்துக்குக் கட்டுப்பட்டு, நிராகரிக்கப்பட்ட ஓட்ஸைக் கடைசிக் கரண்டி வரை உண்டார். அப்படியொரு முகத்தை அந்த லயம் அதற்கு முன் பார்த்ததில்லை.

மிச்ச நாளும் அவள் அப்படியே தெரிவுசெய்து தின்றாள்; அடுத்த கிளினிக்கில் தராசு நாற்பத்தொன்றரை காட்டியது. "என்ன செய்தனீங்கள்?" என்று நிவேதிகா கேட்க, "நீங்க சொன்னதத்தாங்க" என்றாள் பெரியாயி. அன்று மருந்து ஏற்றினார்கள். இராமையா வார்டு வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் தனேஸ்வரனின் அறிக்கை மேலே போனது. ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிட்டவர்கள் எல்லோரும் பங்குபற்றுநர் பட்டியலில் ஒப்பமிட்டு எடையையும் குறிக்க வேண்டும். ஏழு வீட்டிலும் ஒப்பமிட்ட தனேஸ்வரன் ஏழு பேராக எண்ணப்பட்டார். பங்குபற்றுநர்களின் சராசரி எடை இரண்டு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. இப்படியொரு வெற்றி மாகாணத்திலேயே இல்லை என்று அலுவலகம் பூரித்தது. எடை கூடியவர்களுக்குப் போசாக்குப் பொதி அவசியமில்லை என்று கடிதமும் அனுப்பியது.

பதுளையில் விழா வைத்தார்கள். பெரியாயிக்கு மாலை போட்டு, 'முன்மாதிரி உணவுத் தெரிவாளர்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். சுபாஜினி அதை வீடியோ எடுத்துப் போட்டாள். அத்தையின் பக்கத்தில் நின்று, "முட்டை தின்னு மீண்ட எங்க அத்தை" என்று அவளே பேசியும் இருந்தாள். வீடியோ ஓடு ஓடு என்று ஓடியது.

லயத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெரியாயி முதலில் கூச்சப்பட்டாள். ரெண்டாவது கிழமை வாசலில் ஒரு கதிரை போடச் சொன்னாள். சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினாள்.

ஒருநாள் கொஸ்லந்தயிலிருந்து நிஷாந்தினி என்ற பெண் மூன்று பஸ் மாறி வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். கை குச்சிபோல இருந்தது. அவளுக்கும் அதே நோய், இப்போதுதான் மருந்து தொடங்கியிருந்தார்கள். களைப்பில் படியில் உட்கார்ந்து, பையிலிருந்து அவித்த முட்டை ஒன்றை எடுத்து உரித்தாள்.

"டாக்டர் நல்லா சாப்பிடச் சொன்னாங்கம்மா. நீங்க என்ன சொல்றீங்க?"

பெரியாயி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது வெள்ள முட்டையா?"

"ஆமாம்மா."

"ஐயையோ! மொதல்ல அதக் கீழ வையி. நம்ம நோய்க்குச் செவப்பு முட்டைதான் ஆகும். பருப்ப நிறுத்திடு. வெயில் தாந்த பெறகு கீரை கூடவே கூடாது. எழுதிக்க, ஒண்ணொண்ணா சொல்றேன்."

நிஷாந்தினி உரித்த முட்டையைத் தாளில் சுற்றிப் பையில் வைத்துவிட்டு, பேனாவை எடுத்தாள்.