ஒரு ரவுண்டுக்கு முன்னால் விழுந்த மாலை

நான் இதுவரை சொன்ன பொய்களில் ரொம்பச் சின்னது நாலே எழுத்து. ‘கேப்டன்.’

அம்பத்தூர் எஸ்டேட்டில் கிரைண்டர் செய்கிற ஒரு கம்பெனி, விளம்பரத்துக்காகப் பெண்கள் சைக்கிள் அணி ஒன்றை நடத்தியது. மாதச் சம்பளம், சைக்கிள், வாழைப்பழம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு எங்கள் முதுகில் பெரிதாக ஒரு கிரைண்டர் படம். (எங்கம்மா அந்தப் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதுகில் கல்லைக் கட்டிக்கொண்டு எப்படி வேகமாகப் போவாய் என்று நிஜமாகவே கவலைப்பட்டாள்.) அந்த அணியில் என்னைச் சேர்த்துக்கொண்ட அன்று, பருத்திப்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் நைனா கேட்டார், “அங்க நீ இன்னா வேலம்மா பண்ணுவே?”

உண்மையான பதில் இதுதான்: நான் காற்றை மறைப்பேன். சைக்கிள் பந்தயத்தில் முன்னால் போகிறவள் காற்றைக் கிழித்துக்கொண்டு போவாள்; அவள் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவளுக்குப் பாதி உழைப்பு மிச்சம். அதிலும் மூன்று நாள் பந்தயம் என்றால், மூன்று நாளின் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவளுக்குத்தான் மஞ்சள் பனியன். அதனால் ஒவ்வொரு அணியும் ஒருத்தியைத் தலைவியாக வைத்துக்கொள்ளும்; மற்றவர்கள் அவளுக்காக எதிர்காற்றில் சாவார்கள். அவள் சைக்கிள் பஞ்சரானால் தங்கள் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்பார்கள். ஜெயித்தால் பரிசு அவளுக்கு. இதை நைனாவிடம் எப்படிச் சொல்வது? பரம்பரையாக நிலம் வைத்திருந்தவர்; யாருக்கோ காற்றடிக்காமல் பார்த்துக்கொள்ளவா மகளை வளர்த்தேன் என்று கேட்டிருப்பார். “கேப்டன்” என்று சொல்லிவிட்டேன். சாயந்திரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

உண்மையான கேப்டன் ஜெசிந்தா. கரையான்சாவடி டெய்லர் வீட்டுப் பெண். என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவளை வெறுப்பதற்கு நான் ரொம்பப் பாடுபட்டேன், ஆனால் அவள் ஒத்துழைக்கவே இல்லை. பயிற்சி முடிந்ததும் தன் செயினைத் துடைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் என் செயினையும் துடைத்து வைப்பாள். காலையில் வரும்போது எனக்கும் சேர்த்துத் தண்ணீர் பாட்டில் நிரப்பிக்கொண்டு வருவாள். இப்படிப்பட்டவளோடு ஒருத்தி எப்படித்தான் சண்டை போடுவது?

ஏரிக்கரை ரோட்டில் பயிற்சி ஓட்டம் வைத்தால் ஐந்துக்கு நான்கு முறை நான்தான் அவளை முந்துவேன். இதை எங்கள் பயிற்சியாளர் குணா மாஸ்டரிடம் ஒருநாள் சுட்டிக்காட்டினேன். அவர் விசிலைத் துடைத்துக்கொண்டே, “நீ ஒரு நாள் ஜெயிப்பே. அவ மூணு நாளும் தோக்க மாட்டா. ரெண்டும் வேற வேற” என்றார். அது புரிய எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அதில் மூன்றாவது நாளைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்த வருடம் நாங்கள் ஓட்டிய மூன்று நாள் பந்தயத்தின் முதல் இரண்டு நாள் திருவள்ளூர்ப் பக்கம் முடிந்துவிட்டது. நான் ஒழுங்காகக் காற்றை மறைத்தேன். இரண்டாம் நாள் முடிவில் ஜெசிந்தா முதலிடம். பதினாலு விநாடி பின்தங்கி கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி இரண்டாமிடம். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊரிலேயே. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் புறப்பட்டு, பூந்தமல்லி ரோட்டில் போய், கரையான்சாவடிக்கு முன்னால் திரும்பி, மறுபடி ஏரிக்கரை. இப்படி ஐந்து ரவுண்டு.

அதாவது, என் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் நான் ஐந்து தடவை போக வேண்டும். ஐந்து தடவையும் வேறொருத்திக்கு முன்னால் வேலைக்காரி மாதிரி.

காலையில் போய்ப் பார்த்தேன். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நைனா ஒரு பிளெக்ஸ் வைத்திருந்தார். பத்தடி உயரம். என் பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கியிருந்ததில் என் மூக்கு மட்டுமே ஒரு சைக்கிள் அளவு இருந்தது. ‘வெற்றிக் கேப்டன் வளர்மதியை வருக வருக என வரவேற்கும்’ என்று தொடங்கி, கீழே முப்பது பேர் போட்டோ. என் தாய்மாமா ஏழுமலை கையில் வாழையிலையில் சுற்றிய ஆளுயர ரோஜா மாலை, காலடியில் சரவெடிக் கட்டு. பந்தயம் இன்னும் தொடங்கவே இல்லை. ஜெசிந்தா அந்தப் பக்கம் வருவதற்குள் அவளைத் திருப்பி, சக்கரத்தில் காற்று குறைகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

முதல் இரண்டு ரவுண்டும் நல்ல பிள்ளையாக ஓட்டினேன். ஒவ்வொரு முறை கோட்டைத் தாண்டும்போதும் நைனா, தன் மகள் முன்னால் வருகிறாள் என்று பூரித்துப் போனார். (முன்னால் வருவதுதான் என் வேலை என்று அவருக்குத் தெரியாது.) மூன்றாவது ரவுண்டில், நான் அவளுக்கு முன்னால் இழுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஜெசிந்தாவின் குரல்.

“வளரு!”

ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள். சைக்கிளை ஓரம் கட்டி, பின்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்திருக்க வேண்டும். இருபது விநாடி வேலை. நூறு தடவை பழகியிருக்கிறோம். ஆனால் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் பத்தடி உயர மூக்கு ஒன்று நின்றுகொண்டு, ‘போ போ’ என்றது. காது கேட்காதவள் மாதிரி எழுந்து நின்று மிதித்தேன்.

பறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் போனதில்லை. என்னோடு ஒட்டிக்கொண்டு வந்தது ஒரே ஒருத்தி, அந்தக் கோயம்புத்தூர்ப் பெண். முன்னால் வந்து ஒரு நிமிடம்கூட இழுக்காமல், என் முதுகுக் கிரைண்டரைப் பார்த்தபடி நிம்மதியாக வந்தாள். என் தலைவியின் எதிரிக்கு நான் ஒன்றரை ரவுண்டு காற்றை மறைத்துக்கொண்டு போகிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நான் வரவேற்புரையை மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரை வளைவில் திரும்பினால், மாமா சரவெடியைப் பற்றவைத்துவிட்டார். புகை. காது அடைத்துப் போகிற சத்தம். கோட்டுக்குப் பக்கத்தில் இன்னும் எத்தனை ரவுண்டு என்று காட்டுகிற போர்டு ஒன்று இருக்கும். கடைசி ரவுண்டு தொடங்கும்போது மணி அடிப்பார்கள். மணிச்சத்தத்தை வெடி விழுங்கிவிட்டது. போர்டை என் மூக்கு மறைத்துவிட்டது. வெடி வெடித்தால் பந்தயம் முடிந்தது என்றுதானே அர்த்தம்?

இரண்டு கையையும் விட்டேன். வானத்தைப் பார்த்து உயர்த்தினேன். கண்ணை மூடிக்கொண்டு கோட்டைத் தாண்டினேன்.

கண்ணைத் திறந்தபோது மாமா என்னைச் சைக்கிளோடு மறித்திருந்தார். மாலை விழுந்தது. யாரோ கன்னத்தில் குங்குமம் அப்பினார்கள். நைனா என் கையைப் பிடித்துத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். கூட்டத்தின் ஓரமாக அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் என்னைப் பார்த்து மரியாதையாக ஒரு புன்னகை செய்துவிட்டு, நிற்காமல் போனாள். பாவம், கோடு தெரியாமல் போகிறாளே என்று அவளுக்காக நான் வருத்தப்பட்டேன்.

நான் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஜெசிந்தா வந்தாள். எங்கள் அணிப் பெண் இன்னொருத்தி கொடுத்த சக்கரத்தைப் போட்டுக்கொண்டு, தனியாளாகத் துரத்தி வந்திருக்கிறாள். முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. அவள் போயிருக்கலாம். போயிருக்கத்தான் வேண்டும், அவளுக்கு ஒவ்வொரு விநாடியும் உயிர். ஆனால் கூட்டத்துக்கு நடுவில் மாலையோடு நிற்கிற என்னைப் பார்த்ததும் பிரேக்கைப் பிடித்தாள். ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஒற்றை விரலைக் காட்டினாள்.

“இன்னும் ஒரு ரவுண்டு கீதுடி. ஏறு.”

அவ்வளவுதான். திட்டவில்லை. கடைசி நாள் கோட்டைத் தாண்டாதவளின் மூன்று நாள் உழைப்பும் கணக்கில் வராது. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மாலையைக் கழற்ற நேரமில்லை. ஏறினேன். அவளுக்கு முன்னால் போய், தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன். மாலை இரண்டு முட்டியிலும் மாறி மாறி அடித்தது. பூந்தமல்லி ரோடு நெடுக ரோஜா இதழ் பறந்தது. (ஊர்வலம் போகிறது என்று நினைத்து ஓரத்தில் நின்ற ஒரு பெரியவர் கும்பிட்டார்.) அழுகையும் வியர்வையும் குங்குமமும் கண்ணில் இறங்கி, பாதி ரோடு தெரியவில்லை. பின்னால் ஜெசிந்தாவின் மூச்சு மட்டும் கேட்டது. தூரத்தில் அந்தக் கோயம்புத்தூர் முதுகு தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. ஏரிக்கரை வளைவில் என் கால் இரண்டும் செத்துப்போக, ஓரம் ஒதுங்கினேன். ஜெசிந்தா என்னைத் தாண்டிப் பாய்ந்தாள்.

மூன்று நாள் கணக்கில், நாலு விநாடியில் மஞ்சள் பனியன் கோயம்புத்தூருக்குப் போயிற்று. எனக்காக அவள் நின்ற நேரம் அதைவிட அதிகம். இதை எங்களிடம் யாரும் கூட்டிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து முட்டியில் தலை சாய்த்திருந்தாள். நைனா அவள் பக்கத்தில் குழப்பமாக நின்றிருந்தார். என் மகள்தானே கேப்டன், அவளை முந்திக்கொண்டு நீ எப்படிப் போகலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜெசிந்தா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள், பிளெக்ஸைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அவதான் அங்கிள் கேப்டன்” என்றாள். “கடசி ரவுண்டு முழுக்க என்ன இழுத்துக்கினு வந்ததே அவதான்.”

அவள் கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். முப்பது சொந்தக்காரர்கள் முன்னால், கழுத்தில் நாரும் நாலு இதழும் தொங்க, சொன்னேன்: “பொய் நைனா. அவதான் கேப்டன். அவளுக்குப் பஞ்சர் ஆச்சு, என்னக் கூப்ட்டா. நான் நிக்கல.”

மாமா கையிலிருந்த மிச்ச வெடியை மெதுவாகப் பைக்குள் வைத்தார். நைனா குனிந்து ஜெசிந்தாவின் கையைப் பிடித்து எழுப்பி, காலையில் ஏதாவது சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். நேராக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு. அவள் பதினோரு இட்லி சாப்பிட்டாள். அம்மா எண்ணவில்லை, நான்தான் எண்ணினேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே போன நேரத்தில் அவள் கேட்டாள், “நான் கூப்ட்டது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“தெரியும். உன் தோளு ஒரு தபா அசைஞ்சுது.” இன்னொரு இட்லியைப் பிட்டாள். “அடுத்த தபா திரும்பு.”

ஏன் நின்றாய் என்று நான் கேட்டதற்கு, உன்னை விட்டுவிட்டுப் போனால் நாளைக்கு எனக்கு யார் காற்றை மறைப்பார்கள் என்று, ரொம்பச் சாதாரணமாகத் திருப்பிக் கேட்டாள். குழம்பு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றும் சொன்னாள்.

அடுத்த வருடம் அவளுக்குப் பஞ்சர் ஆனபோது அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சக்கரத்தைக் கழற்றியிருந்தேன். அவள் ஜெயித்தாள். மஞ்சள் பனியனோடு அவள் மேடையில் நின்றபோது, நைனா மேடைக்குக் கீழே நின்று என்னைவிடச் சத்தமாகக் கைதட்டினார்.

ஜெசிந்தா சொன்ன அந்த ஒற்றை வாக்கியம் மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. ரிசல்ட் வருவதற்குள் தம்பி ஸ்வீட் வாங்கி வந்தால், “இன்னும் ஒரு ரவுண்டு கீது.” குக்கர் மூன்றாவது விசிலுக்கு நான் தட்டோடு போய் உட்கார்ந்தால், “இன்னும் ஒரு ரவுண்டு கீது.” என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் சரி என்று போன் பண்ணிய அன்று நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து, நைனா சொன்னதும் அதேதான்.

போன மாதம் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். பூந்தமல்லிப் பக்கம் ஒரு மாதா கோவிலில். எங்கள் குடும்பம் மொத்தமும் இரண்டாவது வரிசையில். பூசையில் எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மோதிரம் மாற்றினார்கள், பாட்டு பாடினார்கள், எல்லோரும் எழுந்தார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்து, பரிசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடுப்பாதையில் நடந்தேன். பாதி தூரத்தில் பாட்டு நின்றது. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் நிற்கிறேன், கையில் கிரைண்டர்.

பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டிருந்த கல்யாணப் பெண் முக்காட்டை விலக்கித் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. வெள்ளைக் கையுறை போட்ட கையைத் தூக்கி, ஒற்றை விரலைக் காட்டினாள்.

இரண்டாவது வரிசையில் முதலில் சிரித்தது நைனா.